கூரையைப் பிரித்த நால்வர்



கப்பர்நாகூமில் ஒரு வீடு. முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வருகின்றனர். வாசலை அடைத்து நின்றவர்கள் தீயவர்கள் அல்லர். இயேசுவின் போதனையைக் கேட்க வந்தவர்களே. ஆயினும் அவர்கள் வழிவிடவில்லை. நால்வரும் கூரையைப் பிரித்து அவரை உள்ளே இறக்கினர். இயேசு கூரையைப் பற்றிக் கேட்கவில்லை. அவர்களது நம்பிக்கையைக் கண்டார் என்கிறார் மாற்கு.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளையோடு பள்ளிக்கு வரும் தாயிடம் நாம் என்ன சொல்கிறோம்? "மற்றப் பிள்ளைகளின் படிப்புக் கெடும், தேர்ச்சி விழுக்காடு குறையும்." இச்சொற்களும் வாசலை அடைக்கின்றன.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். தேர்வில் கூடுதல் நேரத்துக்கும், சொல்வதை எழுதும் உதவியாளருக்கும் அதில் இடமுண்டு. நமது பங்குப் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. ஆனால் சேர்த்துக்கொண்டு கடைசி பெஞ்சில் மறந்துவிடுவது சேர்ப்பதாகாது.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்காக வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது, காது கேளாத பிள்ளையின் முகம் பார்த்துப் பாடம் நடத்துவது, மெதுவாகக் கற்கும் பிள்ளைக்குக் கேள்வியை எளிதாக்குவது: நாம் பிரிக்க வேண்டிய கூரை இதுவே.

அந்தக் கட்டிலைச் சுமக்க நால்வர் இருந்தனர். நம் ஊர்களில் பெரும்பாலும் தாய் தனியாகச் சுமக்கிறார். ஆசிரியரும் வகுப்புத் தோழரும் பங்கு மக்களும் மற்ற மூன்று மூலைகளைப் பிடிப்போம். அதற்கான அருளை ஆண்டவர் தருவாராக. ஆமென்.