ராஜபாளையம் டு கன்னியாகுமரி: தவணையில ஒரு நடை

நடையைப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே என்கிட்ட வர்ற முதல் கேள்வி, “இதுக்கெல்லாம் லீவு எங்க தம்பி கிடைக்குது?” இந்த எபிசோடு அந்தக் கேள்விக்கான பதில்.

லீவு கிடைக்கலை. அதனால தவணையில நடந்தேன். ராஜபாளையத்துல வீட்டு வாசல்ல ஆரம்பிச்சு சங்கரன்கோவில், திருநெல்வேலி வழியா திருச்செந்தூர். அது 140 கிலோமீட்டருக்குக் கிட்ட. அங்கிருந்து கடலோரமா கன்னியாகுமரி, இன்னொரு 90. முதல் வருஷம் நாலு வாரக் கடைசி, அடுத்த வருஷம் மூணு. ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ் பிடிச்சு வந்து, திங்கள் காலையில வழக்கம்போல லேப்டாப் முன்னாடி.

விதி ஒண்ணே ஒண்ணுதான். எங்க நிறுத்தினோமோ அங்கதான் அடுத்த தடவை ஆரம்பிக்கணும். கடைசியா டீ குடிச்ச கடையின் போர்டை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குவேன். அடுத்த தடவை பஸ்ல அதே கடை வாசல்ல இறங்கி, இன்னொரு டீ குடிச்சிட்டு நடை.

முதல் 140 கிலோமீட்டருக்கு நான் எதையும் கண்டுபிடிக்கலை. எங்க பக்கத்துல இருந்து தைப்பூசத்துக்குப் பச்சை வேட்டி கட்டி திருச்செந்தூர் நடக்கிறவங்க அந்த வழியைப் போட்டு வச்சிருக்காங்க. எங்க மாமா வருஷா வருஷம் போறவர். “மருமகனே, மேப் எல்லாம் எதுக்கு? பச்சை வேட்டி போற பக்கம் போ”ன்னார். அவ்வளவுதான் ரூட் பிளான். வெயிலுக்கு முன்னாடி நடக்கணும், பகல்ல மண்டபத்துல படுக்கணும், சாயங்காலம் மறுபடி கிளம்பணும். எங்க தண்ணி, எங்க அன்னதானம்னு கூட்டத்துல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். திருநெல்வேலி தாண்டினா செய்துங்கநல்லூர், ஆழ்வார்திருநகரி, குரும்பூர்னு தாமிரபரணிப் பாசனத்துக்குள்ள போற ரோடு. வயலும் வாழையுமா இருக்கும்.

கால் பழக நினைக்கிறவங்க முதல்ல ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் நடங்க. 12 கிலோமீட்டர்தான். ஆண்டாள் கோவில் கோபுரம் கண்ணுல பட்டா நெருங்கியாச்சுன்னு அர்த்தம். பால்கோவா வாங்கிட்டு டவுன் பஸ்ல திரும்பிடலாம். கால்ல கொப்புளம் எங்க வரும்னு இந்த 12 கிலோமீட்டரே சொல்லிடும்.

திருச்செந்தூர்ல பாத யாத்திரை முடிஞ்சிடும். எல்லாரும் கடல்ல குளிச்சு, சாமி கும்பிட்டு, பஸ் ஏறிடுவாங்க. நான் கடலை இடது கைப் பக்கம் வச்சு தெற்கே திரும்பினேன். அதுக்கப்புறம் அன்னதானமும் கிடையாது, பச்சை வேட்டியும் கிடையாது. ஆலந்தலை, குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி, வட்டக்கோட்டை. இந்த ஊர்ப் பேருங்கதான் இனி மைல் கல்.

மணல்ல நடக்க ஒரு சூட்சுமம் உண்டு. அலை தொட்டுட்டுப் போன ஈர மணல்தான் தார் ரோடு மாதிரி. காய்ஞ்ச மணல்ல ஒரு மணி நேரம் நடந்தா கெண்டைக்கால் பேசும். மாசமும் முக்கியம். ஆனி, ஆடியில ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற கச்சான் காத்து, முகத்துல மணலை வாரி அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் ஆத்துப் பொழிமுகம் திறந்து கிடக்கும். ஆற்றங்கரைப் பள்ளிவாசல் கிட்ட நம்பியாறு கடல்ல சேருற இடம் அப்படி ஒண்ணு. பொழி மூடியிருக்கா, கால் வைக்கலாமான்னு ஊர்க்காரங்களைக் கேக்காம இறங்கவே கூடாது. இதெல்லாம் பார்த்தா தையும் மாசியும்தான் தோது.

கடற்கரை நமக்கு வேடிக்கை பார்க்கிற இடம், அவங்களுக்கு வேலை செய்யிற இடம். காயப் போட்ட வலையை மிதிக்கக் கூடாது, சுத்திப் போகணும். சனிக்கிழமை வள்ளம் வந்து இறங்குற நேரம் கரை சந்தை மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை பூசை நாள், கடலுக்குப் போக மாட்டாங்க, கரை அமைதியா இருக்கும். பெரியதாழையில வலை பொத்திக்கிட்டிருந்த ஒருத்தர் கேட்டார்: “ஏ தம்பி, ரோடு மேல கிடக்கு. இங்கிட்டு எங்க போற?”

“உவரிக்கு, அண்ணாச்சி.”

“அப்ப கல்லு வரைக்கும் இப்படியே போ. அங்க கரை கிடையாது. மேல ஏறி அந்தப் பக்கம் இறங்கு.”

கல்லுன்னு அவர் சொன்னது தூண்டில் வளைவு. கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள்ள போட்ட பாறைச் சுவர். ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை இன்னும் உள்ள அரிச்சிட்டுப் போகும். நடக்கிறவனுக்கு அது, பாதை பாதியில அறுந்துபோற இடம்.

இன்னும் பெரிய இடங்களும் இருக்கு. கல்லாமொழியில உடன்குடி அனல் மின் நிலையத்துக்கான நிலக்கரி இறங்குதளம். குலசேகரன்பட்டினம் பக்கத்துல இஸ்ரோவின் ரெண்டாவது ஏவுதளம், 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினாங்க. இடிந்தகரை தாண்டினா கூடங்குளம் அணுமின் நிலையம், அங்க ரோட்டுக்கு ஏறி சுத்தித்தான் வரணும். மின்சாரமும் வேணும், ராக்கெட்டும் வேணும், அதுல எனக்குச் சண்டை இல்லை. ஆனா 90 கிலோமீட்டருக்குள்ள கரை இத்தனை இடத்துல தடைப்படுதுன்னு கார்ல போனா தெரியாது. நடந்தாத்தான் தெரியும்.

இங்கிலாந்துல இதே கேள்விக்கு ஒரு பதில் வச்சிருக்காங்க. அவங்க தென்மேற்குக் கடலோரப் பாதை 1,014 கிலோமீட்டர். கடத்தல்காரங்களைப் பிடிக்க அந்தக் காலத்துல கடலோரக் காவலர்கள் ரோந்து போய்ப் போய் உண்டான தடம்தான் அதுக்கு அடிப்படை. அதையும் பலர் தவணையில, வருஷக்கணக்கா நடக்கிறாங்க. 2009ல ஒரு சட்டம் கொண்டு வந்து, இங்கிலாந்து முழுக்கக் கடலோரம் நடக்கிற உரிமையைக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அதுல எனக்குப் பிடிச்ச அம்சம் இது: கடல் கரையை அரிச்சா, பாதையையும் உள்ள தள்ளி வைக்க அந்த ஏற்பாட்டுலேயே வழி உண்டு. கரை போனாலும் பாதை போகாது.

நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்துல தமிழ்நாட்டுக் கடற்கரை 1,076 கிலோமீட்டர். அதுல பாதைன்னு பேர் வச்ச இடம் இல்லை, ஆனா தடம் இருக்கு. பக்கத்து ஊர் திருவிழாவுக்குப் போறவங்க, வலை தூக்கிட்டுப் போறவங்க போட்ட தடம். ஒரு வேலி போடும்போது அதுக்கு வெளியில நாலு அடி விடுங்கன்னு கேக்கணும்னா, இங்க ஆள் நடக்குதுன்னு முதல்ல காட்டணும். பாத யாத்திரை ரோட்டுல அதுதானே நடந்துச்சு? ஆள் நடந்தாங்க, தண்ணிப் பந்தல் வந்துச்சு, மண்டபம் வந்துச்சு.

அதனால பெரிய லீவுக்காகக் காத்திருக்க வேண்டாம். தை மாசம் ஒரு சனி, ஞாயிறு ஒதுக்குங்க. திருச்செந்தூர்ல ஆரம்பிச்சு முதல் நாள் மணப்பாடு, மறுநாள் உவரி. உவரியில இருந்து திசையன்விளைக்கு பஸ் இருக்கு, அங்கிருந்து திருநெல்வேலி. ரெண்டு லிட்டர் தண்ணி, தொப்பி, ஒரு ஜோடி கூடுதல் சாக்ஸ். வழி கேக்கக் கூச்சப்படாதீங்க. நிறுத்தின இடத்தை ஒரு போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம், மக்களே.