தூண்டிலும் துவக்கும்



வழமையாக இந்த நேரத்தில் வருமான வரி, வீட்டுக்கடன் என்று உங்களுக்குத் தலையிடி தருகிறவன் நான். இன்றைக்குக் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேறொரு விடயம் கதைக்கப்போகிறேன்.

போன மாதம் ஒரு தாயார் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, என்ரை மகன் வேலையிடத்துப் பெடியங்களோடை கோடையிலை மஸ்கி மீன் பிடிக்கப் போனவன். இப்ப மான் வேட்டைக்கும் போகப்போறானாம், துவக்கு வாங்கவேணுமாம். துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே நாங்கள் இங்கை ஓடிவந்தனாங்கள்? நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ" என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அதே கேள்வி சில வருடங்களுக்கு முன் என் வீட்டிலும் வந்தது. அதைச் சொன்னால் பதில் வரும். முதலில் மீனில் தொடங்குகிறேன்.

ஒன்ராறியோவில் பீற்றர்பரோ பக்கம் இருக்கும் கவார்த்தா ஏரிகள் மஸ்கிக்குப் பெயர்போனவை. ஒஜிப்வே மக்களின் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. எங்கள் சீலா மீனைப்போல நீண்ட உடல், வாய் நிறையக் கூரிய பல். 1988ஆம் ஆண்டு ஜோர்ஜியன் குடாவில் 65 இறாத்தல் நிறையில் ஒன்றைப் பிடித்திருக்கிறார்கள். 'பத்தாயிரம் எறிதலுக்கு ஒரு மீன்' என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். நானும் மகனும் முதல் மீனைக் காணவே இரண்டு கோடைகாலம் போனது.

கடையில் போலி இரை, அதாவது லூர், சுவர் முழுக்கத் தொங்கும். ஒன்று 25 டொலர், 50 டொலர் என்று விலை. எல்லாவற்றையும் வாங்கினால் என்னைப்போன்ற கணக்காளருக்கே கணக்குப் பிழைக்கும். தொடங்குகிறவருக்கு மூன்று வகை போதும்.

முதலாவது, இரட்டைத் தகடு சுழலும், மான்வால் மயிர் கட்டிய லூர். கோடையில் பாசிப் படுக்கைகளுக்கு மேலால் ஒரே வேகத்தில் இழுக்கலாம். புதியவர் கையிலும் பிழைக்காது. இரண்டாவது, முன்னால் நாக்குப்போல ஒரு தகடு வைத்த, மீன் வடிவ லூர். பொதுவாக நாக்கு நீளமானால் ஆழமாக ஓடும், குட்டையானால் மேலே ஓடும். வாங்கும்போது நாக்கைப் பாருங்கள், நிறத்தைப் பிறகு பார்க்கலாம். மூன்றாவது, பெரிய ரப்பர் மீன். இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிர மஸ்கி கொழுத்த இரையைத் தேடும். ஆனால் ஓடித் துரத்தாது. அப்போது பெரிய லூரை மெதுவாக இழுத்து, விட்டு, இழுக்கவேண்டும்.

நிறத்துக்குச் சுருக்கமான விதி: தெளிந்த தண்ணீரில் மீனின் இயல்பு நிறம், கலங்கிய தண்ணீரிலும் மங்கிய வெளிச்சத்திலும் கறுப்பு, செம்மஞ்சள் போன்ற எடுப்பான நிறம். எதை எறிந்தாலும் வள்ளத்தருகே வந்ததும் உடனே தூக்கிவிடாதீர்கள். தடியின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, எட்டு என்ற இலக்கத்தைப்போல அகலமாகச் சுற்றுங்கள். பின்னால் பேசாமல் வந்த மீன் அந்த இடத்தில்தான் கவ்வும். எங்களுக்கும் அப்படித்தான் அகப்பட்டது.

நூலைப்பற்றியும் ஒன்று. வெறும் தங்கூசியை மஸ்கியின் பல் அறுத்துவிடும். 80 இறாத்தல் தாங்கும் பின்னல் நூலும், அதன் நுனியில் கம்பியோ தடித்த ஃபுளோரோகார்பனோ கட்டாயம் வேண்டும். நூல் அறுந்தால் லூரும் முள்ளுமாக மீன் போய்விடும். அதற்குப் பிறகு அது பிழைக்குமோ என்பது சந்தேகம்.

அந்த முதல் மீனைப்பற்றி வெட்கத்தோடு சொல்கிறேன். ஜூலை மாதம், கடும் வெயில். மகன் பிடித்தான். நான் படம் எடுத்தேன். ஒன்று சரியில்லை, இன்னொன்று. அதுவும் சரியில்லை, இன்னொன்று. அந்த மீனை வெளியே எவ்வளவு நேரம் வைத்திருந்தோம் என்று எனக்கே தெரியாது. திரும்ப விட்டபோது அது வயிற்றைக் காட்டி மிதந்தது. மகன் தண்ணீருக்குள் கையை விட்டு அரைமணித்தியாலம் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான். அது நீந்தவில்லை. மஸ்கியில் பெண்மீன் முட்டையிடும் பருவத்துக்கு வரவே ஐந்து, ஆறு வருடம் செல்லும். வீடு வரும் வழி முழுக்க அவன் என்னோடு கதைக்கவில்லை.

ஆகவே லூர் வாங்க முன்னர் பெரிய ரப்பர் வலையும், நீண்ட குறடும், முள் வெட்டும் கத்தரியும் வாங்குங்கள். மீனை வலையோடு தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். படம் ஒன்று போதும். தண்ணீரின் வெப்பம் 27 பாகையைத் தொட்டால் மஸ்கிக்குப் போகவே வேண்டாம். வைத்திருக்கலாம் என்று சட்டம் சொல்லும் நீளம் ஏரிக்கு ஏரி வேறுபடும், சில இடங்களில் 137 சென்ரிமீற்றர். மலிவான 'கொன்சவேஷன்' அனுமதியில் ஒன்றுகூட வைத்திருக்க முடியாது. குழம்புக்கு ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு சொல்: பெரிய இரைகொல்லி மீன்களில் பாதரசம் சேரும். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் உள்ள வீட்டில், மாகாண அரசு வெளியிடும் மீன் உண்ணும் வழிகாட்டியைப் பார்க்காமல் ஏரி மீனைச் சமைக்காதீர்கள்.

இனித் துவக்கு.

மகனுக்கு இருபது வயதானபோது, என் அலுவலக நண்பர் ஒருவர் அவனை மான் வேட்டைக்குக் கூப்பிட்டார். நான் முடியாது என்றேன். "அப்பா, நீங்கள் சொல்லுற துவக்கு வேறை, இது வேறை" என்றான். "ரெண்டும் ஒரே சத்தம்தான்ரா" என்றேன். மூன்று நாள் வீட்டில் கதை இல்லை. பிறகு மனைவிதான் சொன்னா: "நீங்களும் அவனோடை போய் அந்த வகுப்பிலை இருந்து பாருங்கோவன்."

போனேன். கனடாவில் துவக்கு வைத்திருக்க விரும்புகிறவர் பாதுகாப்புப் பயிற்சி எடுத்து, சோதனை பாஸ்பண்ணி, பொலிஸ் பின்னணி பார்த்த பின்னர்தான் அனுமதி கிடைக்கும். வேட்டைக்கு மாகாணத்தின் தனிப் பயிற்சியும், மானுக்கென்று தனி அனுமதியும் வேண்டும். வகுப்பின் முதல் பாடம் நான்கு விதிகள். ஒவ்வொரு துவக்கிலும் குண்டு இருப்பதாகவே நினை. வாயை எப்போதும் ஆபத்தில்லாத பக்கம் திருப்பி வை. சுடும் நேரம் வரை விசையில் விரல் வைக்காதே. குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பார். நான் ஊரில் துவக்கின் வாயை முன்னாலிருந்துதான் பார்த்தவன். அதை இன்னொரு மனிதரின் பக்கம் திருப்பவே கூடாது என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்ததை அன்றுதான் முதன்முதல் கேட்டேன்.

அந்த நவம்பரில் ஹாலிபேர்ட்டனுக்கு வடக்கே போனோம். இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. மான் வேட்டைக்கு அது நல்ல நாள் என்று நண்பர் சொன்னார். கடும் பனிப்புயலில் மான் ஹெம்லொக், சீடர் மரங்களுக்குக் கீழே படுத்துவிடும். புயல் ஓய்ந்ததும் எழும்பித் தீனுக்கு வரும். புதுப் பனியில் காலடி எழுத்துப்போல் தெரியும். விளிம்பு கூராக இருந்தால் இப்போதான் போயிருக்கிறது. விளிம்பு உறைந்து உருண்டிருந்தால் பழையது. ஈரப்பனி சத்தத்தை விழுங்கும். கடுங்குளிரில் காய்ந்த பனியோ அப்பளம்போல நொறுங்கும். அப்போது நடக்காமல், காற்று முகத்தில் படும்படி ஓரிடத்தில் இருப்பது புத்தி.

காலை எட்டு மணியளவில் தூரத்தில் வேறு யாரோ சுட்டார்கள். நேயர்களே, நான் பனியில் குப்புறப் படுத்துவிட்டேன். யோசிக்கவில்லை, உடம்பு தானாகப் படுத்தது. மகன் சிரிக்கவில்லை. துவக்கிலிருந்து குண்டை எடுத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தான். "அப்பா, வீட்டை போவமா?" என்றான். கொஞ்ச நேரம் இருப்போம் என்றேன். அங்கே நடந்தவற்றில் சிலதை அவனுக்கு அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து மான் வந்தது. மேட்டின் உச்சியில், பின்னால் வெறும் வானம். மகன் துவக்கைத் தூக்கிப் பார்த்தான், பிறகு இறக்கினான். பின்னால் மண் இல்லாவிட்டால் சுடக்கூடாது. தவறிய குண்டு எங்கே போகுமென்று தெரியாது. மான் போய்விட்டது. அவன் அதைச் சுடாமல் விட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் குறைந்தது.

ஆகவே, தொலைபேசி எடுத்த அம்மாவுக்கு என் பதில் இதுதான். 'போகாதே' என்று மட்டும் சொன்னால் உங்களுக்குத் தெரியாமல் போவார். நான்கு கேள்வி கேளுங்கள். இரண்டு பயிற்சியும் முடித்தாயா? யாரோடு, எங்கே போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய்? துவக்கைக் குண்டில்லாமல் எங்கே பூட்டிவைப்பாய்? தலைக்கும் உடம்புக்கும் செம்மஞ்சள் உடுப்பு இருக்கிறதா? பனியில் விழுந்தால் குழலுக்குள் பனி அடைத்திருக்கும், குண்டை எடுத்துவிட்டுப் பார்க்காமல் சுட்டால் குழலே வெடிக்கும் என்பதையும் சொல்லிவையுங்கள். பருத்தி உடுப்பு நனைந்தால் குளிர் ஏறும், கம்பளி போடச் சொல்லுங்கள்.

உங்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் தாங்கமுடியாவிட்டால், துவக்கு என் வீட்டுக்குள் வரவேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஏன் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் பயம் தெரியும். அதன் காரணத்தைப் பலருக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் வழக்கம்போல வருமான வரியோடு வருகிறேன்.