பாட்டுப் புத்தகத்தின் முகம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இத்தொடரிலே கவிதை பற்றியும் சிறுகதை பற்றியும் எனக்கு முன்னர் பலர் விரிவாகப் பேசிவிட்டார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது புத்தகத்தின் வெளிப்புறத்தை, அதாவது அட்டையை. அதிலும் பாட்டை விற்க வந்த ஏடுகளின் அட்டையை. இசைச் சஞ்சிகை, பாட்டுப் புத்தகம், பாட்டுப் பிரசுரம் என்று பெயர் எதுவாக இருந்தாலும் இவற்றுக்கெல்லாம் பொதுவான சங்கடம் ஒன்று உண்டு. கதைப் புத்தகத்தைக் கடையிலே நின்றபடியே புரட்டி இரண்டு பக்கம் வாசித்துப் பார்க்கலாம். பாட்டை அப்படிக் கேட்டுப் பார்க்க முடியாது. கடதாசியிலே ஓசை கிடையாது. காதுக்குரிய சரக்கைக் கண்ணுக்குக் காட்டி விற்க வேண்டிய பொறுப்பு அட்டையின் தலையிலே விழுகிறது. நமது மலையகத்திலே அந்தப் பொறுப்பு எப்படி நிறைவேற்றப்பட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன் வெளியுலகத்தையும் ஒரு முறை எட்டிப் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவிலே சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து 1967 நவம்பரிலே 'ரோலிங் ஸ்டோன்' என்ற இசைச் சஞ்சிகை வெளிவரத் தொடங்கியது. முதல் இதழின் அட்டையிலே இருந்தவர் பீட்டில்ஸ் குழுவின் ஜோன் லெனன். ஆனால் கையிலே கிட்டார் இல்லை. தலையிலே படைவீரனின் இரும்புத் தொப்பி. அவர் நடித்த ஒரு திரைப்படத்தின் காட்சி அது. வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலே அந்தத் தொப்பியைக் கண்ட இளைஞனுக்கு, இது வெறும் பாட்டுப் பத்திரிகை அல்ல என்பது விளங்கியிருக்கும். 1980 டிசம்பரிலே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுமாதம் வந்த இதழின் அட்டையிலே அவரும் மனைவி யோகோவும் இருக்கும் படம். சஞ்சிகையின் பெயரைத் தவிர ஓர் எழுத்துக்கூட இல்லை. முகம் அவ்வளவு தெரிந்த முகமாகிவிட்டால் எழுத்துக்கு வேலை இல்லாமல் போகிறது.

மேல்நாட்டுக் கடைகளிலே சஞ்சிகைகளை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து அடுக்குவார்கள். ஒவ்வொன்றின் இடது ஓரம் மட்டுமே வெளியே தெரியும். அதனால் முக்கியமான சொற்களை இடது பக்கத்திலே வைக்கும் வழக்கம் அங்கே உண்டானது. நமது நகரத்துக் கடைகளிலே சஞ்சிகையைக் கயிற்றிலே மடித்துத் தொங்கவிட்டார்கள், மேற்பாதிதான் தெரியும். தலைப்பும் ஒரு முகமும் மேற்பாதியிலே இருந்துவிட்டால் கீழ்ப்பாதியிலே என்ன இருந்தாலும் ஒன்றுதான். அட்டையை வரைந்தவன் கலைஞன் என்றாலும் அவனுக்கு எஜமான் கடைக்காரனின் கயிறு.

தமிழுலகத்துக்கு வருவோம். கர்நாடக இசைக்கென்றே 1983 அக்டோபரிலே சென்னையிலிருந்து 'ஸ்ருதி' வெளிவரத் தொடங்கியது. ஆனால் அது ஆங்கிலச் சஞ்சிகை. அட்டையிலே பெரும்பாலும் ஒரு வித்துவானின் அல்லது நர்த்தகியின் படம். அந்த முகத்தை முன்பே அறிந்தவருக்குத்தான் அது அழைப்பு. அறியாதவர் கடந்து போய்விடுவார். சாதாரணத் தமிழனுக்கு இசைச் சஞ்சிகையின் இடத்திலே இருந்தது சினிமாப் பாட்டுப் புத்தகம்தான் என்பது என் கருத்து. சஞ்சிகை மாதம் ஒரு முறை வரும். இது படத்துக்கு ஒரு முறை வரும். அவ்வளவே வித்தியாசம்.

1931இலே 'காளிதாஸ்' வந்தது முதல் தமிழிலே பேசும்படம் என்றால் பாடும்படம் என்றே பொருள். கொட்டகை வாசலிலே சில சதங்களுக்கு விற்ற அந்தப் புத்தகத்திலே கதைச் சுருக்கம் இருக்கும். முடிவைச் சொல்லாமல், மிகுதியை வெள்ளித்திரையிலே காணும்படி சொல்லி நிறுத்திவிடுவார்கள். அட்டையிலே கதாநாயகனும் நாயகியும். தியாகராஜ பாகவதரின் காலத்திலே இதிலே பொய் எதுவும் இல்லை. 1944இலே வந்த 'ஹரிதாஸ்' படத்திலே நடித்தவரும் அவரே, பாடியவரும் அவரே. அட்டையிலே கண்ட முகத்திலிருந்துதான் காதிலே கேட்ட குரல் வந்தது.

பின்னணிப் பாடல் வழக்கம் வேரூன்றிய பிறகு அட்டை வேறொரு வேலையைச் செய்யத் தொடங்கியது. குரல் டி.எம்.சௌந்தரராஜனுடையது, முகம் எம்.ஜி.ஆருடையது அல்லது சிவாஜியுடையது. குரல் பி.சுசீலாவுடையது, முகம் சரோஜாதேவியுடையது. பாடியவர் பெயரும் பாட்டை எழுதியவர் பெயரும் உள்ளே சிறிய எழுத்திலே. இதன் விளைவை நாமெல்லோரும் வாய்மொழியிலே சுமந்துகொண்டிருக்கிறோம். 'எம்ஜிஆர் பாட்டு', 'சிவாஜி பாட்டு' என்றுதான் இன்றைக்கும் சொல்கிறோம். அப்படிச் சொல்லப் பழக்கியதிலே திரைக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு இந்த அட்டைகளுக்கும் உண்டு. 1976இலே 'அன்னக்கிளி'யோடு இளையராஜா வந்த பின்னர்தான், ஒலிநாடா உறைகளிலே இசையமைப்பாளர் ஒருவரின் முகமும் நடிகரின் முகத்துக்கு ஈடாக விலைபோகத் தொடங்கியது.

சினிமா அட்டைக்கு முந்திய ஒரு மரபையும் மறந்துவிடலாகாது. நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை என்று சென்னையிலிருந்து வந்த மலிவுப் பதிப்புகள் நமது லயங்களுக்குள்ளும் புகுந்தவை. அவற்றின் அட்டையிலே நூலின் பெயருக்கு முன்னால் 'பெரிய எழுத்து' என்று போட்டிருப்பார்கள். யோசித்துப் பாருங்கள், எழுத்தின் பருமனையே விளம்பரமாக்கிய அட்டை! அதை அச்சிட்டவருக்குத் தம் வாசகன் யார் என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன், மங்கலான குப்பி விளக்கின் முன்னே அமர்ந்து சுற்றியிருப்பவர்களுக்காக உரக்கப் படிக்கிறவன். அவனுக்குத் தேவையானது அழகிய சித்திரமல்ல; கண்ணுக்குத் தென்படும் எழுத்து. அட்டைக் கலை பற்றி எழுதுகிறவர்கள் இதை ஏன் பேசுவதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

இனி நமது பாட்டுப் பிரசுரங்கள். மலையகத்து வாழ்க்கையைப் பாடி அச்சேறிய பழைய நூல் 1869இலே வந்த ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. பெயரே பாதி அட்டை. 'கோப்பிக் கிருஷி' என்பது தோட்டத்தை நடத்துகிறவனுக்கு. 'கும்மி' என்பது தோட்டத்திலே வேலை செய்கிறவனுக்கு. இரண்டு பேரையும் ஒரே தலைப்பிலே கூப்பிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டிலே இந்தப் பிரசுரங்கள் வேறு முகம் கொண்டன. சில பக்கங்கள், மலிவான தாள், சில சதம் விலை. எழுதியவரே அச்சிட்டு, அவரே சந்தையிலும் புகையிரதத்திலும் சம்பள நாளிலே கடைவீதியிலும் நின்று பாடி விற்பார். அட்டையிலே சித்திரம் போட வேண்டுமென்றால் அதற்குத் தனியாக 'பிளாக்' செய்ய வேண்டும். பாட்டெழுதும் தொழிலாளிக்கு அது கட்டுப்படியாகாது. அச்சகத்திலே ஏற்கெனவே இருக்கும் பிள்ளையார் பிளாக்கோ முருகன் பிளாக்கோ கிடைத்தால் அதிர்ஷ்டம். மற்றபடி அச்சுக்கோப்பவரின் பெட்டியிலே உள்ள பெரிய எழுத்தும், ஓரத்துப் பூவேலையும்தான். இந்த எழுத்து அட்டையிலும் உள்ளேயும் ஒரு சொல் தவறாமல் இடம்பெறும்: 'மெட்டு'. இன்ன சினிமாப் பாட்டின் மெட்டு என்று போட்டுவிட்டால் போதும். வாங்குகிறவனின் காதிலே அந்தப் பாட்டு அப்போதே ஒலிக்கத் தொடங்கிவிடும். கடதாசியிலே ஓசை இல்லை என்று முன்னே சொன்னேன் அல்லவா, அந்தக் குறையை ஒரு சொல்லால் தீர்த்துக்கொண்டார்கள். பாகவதரின் முகத்தை அட்டையிலே போட வசதி இல்லாதவர்கள் அவருடைய மெட்டைப் போட்டார்கள். அட்டையிலே இல்லாத முகம் எதிரே நின்று பாடிக்கொண்டும் இருந்தது.

இந்த வரிசையிலே தனியாகச் சொல்லவேண்டியவர் மீனாட்சி அம்மை. கோ.நடேசய்யரின் துணைவியார், தொழிற்சங்கக் கூட்ட மேடைகளிலே பாடியவர். 1940இலே அவர் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தின் தலைப்பு 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை'. இதைக் கேட்டால் பாட்டுப் புத்தகம் என்று யாராவது நினைப்பார்களா? ஆணைக்குழுவின் அறிக்கை என்றல்லவா நினைப்பார்கள்? முந்திய ஆண்டு, 1939இலே, அரசாங்க வேலைகளிலிருந்து இந்தியத் தொழிலாளர்களை நீக்கும் நடவடிக்கை தொடங்கியிருந்தது. நேரு இலங்கைக்கு வந்து போயிருந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாகியிருந்தது. 'கும்மி' என்றோ 'கீதம்' என்றோ 'மாலை' என்றோ பெயர் வைத்துக் கவர அந்த அம்மையாருக்குத் தெரியாமல் இல்லை. அவர் இனிப்புத் தடவாத பெயரை வைத்தார். தம் மக்களைப் பாட்டுப் பிரியர்களாக மட்டும் எண்ணாமல், தங்கள் நிலைமையை அறிய விரும்புகிறவர்களாக எண்ணினார். நாலே சொற்களுள்ள அந்தத் தலைப்பை, நான் கண்ட பல வர்ண அட்டைகளைவிடத் துணிச்சலானது என்பேன்.

அக்காலத்திலே தோட்டத்துக்குள்ளே வெளியார் நுழைவது எளிதல்ல. புடவை வியாபாரியாக வேடமிட்டு நடேசய்யர் தோட்டங்களுக்குள் போய் வந்தார் என்பது பலரும் எழுதியுள்ள செய்தி. அப்படிப்பட்ட சூழலிலே படாடோபமில்லாத மெல்லிய பிரசுரத்துக்கு ஒரு வசதியும் உண்டு. மடியிலே செருகிக்கொள்ளலாம், துரையின் கண்ணிலே படாது. இது என் ஊகம்தான்.

இவற்றிலே இன்று நம் கைக்குக் கிடைப்பவை மிகச் சில. கிடைப்பவற்றிலும் அட்டை இல்லை. கடந்த ஆண்டு மேல்வகுப்பு மாணவர்களிடம், வீட்டிலே பழைய பாட்டுப் புத்தகம் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றேன். ஏழெட்டுப் புத்தகங்கள் வந்தன; எல்லாம் சினிமாப் பாட்டுகள், முன்பக்கம் கிழிந்தவை. ஒரு பிள்ளை கொண்டுவந்ததிலே மட்டும் அட்டை இருந்தது. ஆனால் அது வேறு அட்டை. அப்பாயி, பழைய கலண்டரின் லட்சுமி படத்தை வெட்டி, உறைபோட்டு, ஊசி நூலால் தைத்து வைத்திருக்கிறார். உள்ளே காதல் பாட்டும் சண்டைப் பாட்டும். வெளியே தாமரையிலே அமர்ந்த மகாலட்சுமி. பிரசுரகர்த்தர் போட்ட முகம் கிழிந்து போனபின் வாசகி தனக்குப் பிடித்த முகத்தைப் போட்டுக்கொண்டார்!

அட்டை முதலிலே கிழிவது இயற்கை. ஆனால் கிழியாததையும் நாம் கிழித்தோம். வார இதழ்த் தொடர்கதைகளைச் சேர்த்துக் கட்டியபோது அட்டையையும் விளம்பரத்தையும் நீக்கிவிட்டுத்தானே கட்டினோம்? நூலகங்களும் அதையே செய்தன. சென்னையிலே 1994இலே நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலே சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் இன்றும் பாதுகாக்கப்படுவதற்குக் காரணம், கோட்டையூரிலே ஒரு தனி மனிதர், மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையும் சேர்த்து வைத்தது. மலையகத்துப் பிரசுரங்களுக்கு அப்படி ஒரு கோட்டையூர் வாய்க்கவில்லை. சாரல்நாடன் போன்றவர்கள் தேடி எடுத்துப் பதிவு செய்தவை இல்லாவிட்டால் பல பெயர்கள்கூட மிஞ்சியிரா.

இன்னொரு அட்டையையும் சொல்லவேண்டும். 1932இலே இலங்கைத் தேயிலைப் பிரசார சபை ஏற்பட்டது. அந்தக் காலந்தொட்டு இன்றுவரை உலகம் முழுவதும் போகும் சுவரொட்டியிலும் தேயிலைப் பெட்டியிலும் ஒரு பெண் கொழுந்து பறித்துக்கொண்டே இருக்கிறாள். கூடை நிறைந்திருக்கும், முகம் சிரிக்கும், அட்டைக் கடியும் மழையும் படத்திலே வரா. விற்பனைக்கான அட்டை என்ற வகையிலே இவ்வளவு நீண்டகாலம் உழைத்த முகம் வேறு உண்டா தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண் மலையிலே பாடிய பாட்டு எத்தனை புத்தகத்தின் அட்டைக்குள்ளே போயிற்று? சி.வி.வேலுப்பிள்ளை சேகரித்த நாட்டார் பாடல்கள் அவர் மறைந்து மூன்று ஆண்டுகளின் பின், 1987இலே, 'மாமன் மகனே' என்ற பெயரிலே நூலாயின. கொழுந்துக்காரியின் வாயிலிருந்து வரும் விளியே தலைப்பு. தேயிலைப் பெட்டியிலே வாய் திறவாத பெண் அந்தத் தலைப்பிலே வாய் திறந்து ஒருவனைக் கூப்பிடுகிறாள்.

இன்று தோட்டத்து இளைஞர்கள் தாமே மெட்டமைத்துப் பாடி, கைத்தொலைபேசி வழியாகப் பாட்டை உலகத்துக்கு அனுப்புகிறார்கள். 2023இலே மலையகத் தமிழரின் இருநூறாவது ஆண்டு நினைவுகூரப்பட்டபோதும் பாட்டுகள் வந்தன. அங்கேயும் அட்டை உண்டு. பெருவிரல் நகத்தளவு படம். அதிலே பெரும்பாலும் எதைப் போடுகிறார்கள் என்று பார்த்தேன். பச்சை மலை, பனிமூட்டம், கூடையோடு சிரிக்கும் பெண். தேயிலைப் பெட்டியின் அதே படம்! நம் பாட்டுக்கும் அந்தப் படம்தான் முகம் என்று நாமே எண்ணிவிட்டோமோ என்று மனம் வருந்தியது. வேறு விதமாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு பாட்டுக்கு லயத்துக் காம்பராவின் கதவு மட்டும்; அதிலே ஐந்தாறு தலைமுறையின் கைபட்டுக் கறுத்த தாழ்ப்பாள். பாட்டைக் கேட்கும் முன்பே அந்தத் தாழ்ப்பாளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேயர்களே, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலே பழைய பாட்டுப் பிரசுரம் ஏதேனும் கிடந்தால், கட்டக் கொடுக்கும் முன் அட்டையைப் படம் பிடித்து வையுங்கள். பின்னட்டையையும் சேர்த்துப் பிடியுங்கள். விலையும் அச்சகத்தின் பெயரும் சில வேளை அங்கேதான் இருக்கும்.