மதிப்பெண் தாளைப் படிக்கும் முறை

(கடையநல்லூர்ச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிப் படிப்பை இடையில் விட்டுத் தறியிலும் பீடித் தட்டின் முன்னும் அமர்ந்த நம் பிள்ளைகள் சிலர், பின்னர்த் தனித்தேர்வராய்ப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகின்றனர். மிக நன்று. ஆயின், வந்த மதிப்பெண் தாளின் பொருளறியாது கலங்கும் குடும்பங்களை யாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அதுபற்றியே இன்று சில கூறப் புகுந்தோம். தமிழாசிரியர்க்குக் கணக்கு எதற்கென நகைப்போர் நகைக்க.

நெசவாளர் ஒருவரின் மகன் தமிழில் 71, ஆங்கிலத்தில் 48, கணிதத்தில் 46, அறிவியலில் 44, சமூக அறிவியலில் 73 பெற்றனன். கூட்டினால் 282. அண்டை வீட்டுப் பிள்ளையோ ஐந்து பாடங்களிலும் 35 பெற்று, 175 உடன் தேறிவிட்டனன். "282 தவறியது, 175 தேறியது, இஃதென்ன நீதி, ஐயா?" என்று தந்தையார் எம்மை வினவினார்.

இத்தேர்வில் கூட்டுத்தொகை எவரையும் தேற்றாது. ஒவ்வொரு பாடத்திலும் 35 வேண்டும். அறிவியலிலோ அதுவும் போதாது. அப்பாடத்தின் 100 மதிப்பெண் இரு கூறாகும்: எழுத்துத் தேர்வு 75, செய்முறைத் தேர்வு 25. முன்னதில் 20உம் பின்னதில் 15உம் தனித்தனியே பெறுதல் வேண்டும். இவன் செய்முறையில் 25உம் முழுமையாகப் பெற்றும், எழுத்தில் 19இல் நின்றுவிட்டனன். 20உம் 15உம் பெற்று 35 உடன் நின்றவன் தேறினான். 44 பெற்ற இவன் தேறவில்லை.

தேறிய நான்கு பாடங்கள் அழிந்தன அல்ல. எஞ்சிய ஒன்றை மட்டும் துணைத் தேர்வில் எழுதினாற் போதும். இதனையறியாது, தாளைப் பெட்டியிலிட்டுப் பூட்டி, பிள்ளையைக் கேரளத்திற்கு வேலைக்கு அனுப்ப நாளும் குறித்துவிட்டனர்! 19 என்ற எண்ணைக் கண்டால் முதலில் மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தல் தகும். அது விடைகளை மீண்டும் திருத்துவதன்று. இட்ட எண்களைக் கூட்டிச் சரிபார்ப்பது மட்டுமே. அதற்குரிய நாட்களோ சிலவே.

வேறு வழியும் உண்டு. 1989இல் நடுவணரசு தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் தேர்ச்சி எல்லை 33. ஆகவே கணிதத்தில் 34 பெற்றவன் மாநிலத் தேர்வில் தவறினவன், அங்கே தேறினவன். அறிவு ஒன்றே; கோடு கிழித்தவர் வேறு. அங்குப் பதிந்தோர் ஐந்தாண்டுகளில் ஒன்பது வாய்ப்புகளுக்குள் பாடங்களை ஒவ்வொன்றாய்த் தேறிச் சேர்த்துக்கொள்ளலாம். பகலெல்லாம் தறியில் நிற்பார்க்கு இது மிகவும் ஏற்றது.

பெட்டியில் பூட்டிய தாள்கள் இன்னும் எத்தனை வீடுகளில் உளவோ, அறியோம். அவற்றைக் கொணர்க. ஞாயிறு மாலைதோறும் யாம் சங்கக் கட்டிடத்தில் இருப்போம். விண்ணப்பம் எழுதித் தருவோம்.