காற்றின்றி வாழும் சிக்கனக்காரர்



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிற் புகுந்து நிலத்தடியிலே தேங்குகின்றது. கிணற்று நீராக வருவது அதுவே. மழைக்கு வழிவிடும் அவ்வெடிப்புகள் மலசலகூடக் குழியின் கசிவுக்கும் தோட்டத்துப் பசளைக்கும் வழிவிடுகின்றன. 1980களிலிருந்து நடந்த ஆய்வுகள், கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருக்கக் கண்டன. கைக்குழந்தைகளின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கவல்லது.

கழிவுநீரிலிருந்து இத்தகைய உப்புக்களை அகற்றவல்ல உயிர்கள் உள்ளன. கண்ணுக்குப் புலப்படாத பற்றீரியாக்களே அவை. கழிவின் நைதரசன் காற்றூட்டிய தொட்டியிலே நைத்திரேற்றாக மாறும். அதனைக் காற்றில்லாத தொட்டிக்குத் திருப்பினால், சில இனங்கள் பிராணவாயுவுக்குப் பதிலாக அந்த நைத்திரேற்றையே சுவாசிக்கின்றன. அது நைதரசன் வாயுவாகி வானிற் கலந்துவிடுகின்றது.

குளங்களிலே பாசி பெருகச் செய்யும் பொசுபேற்றை அகற்றும் இனத்தின் வாழ்க்கை இதனினும் வியப்பானது. 1959இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை ஆகிய மூவர், காற்றூட்டிய கழிவுநீர்ச் சேறு பொசுபேற்றை விரைந்து ஈர்ப்பதை எடுத்துக்காட்டினர். காற்றூட்டுமுன் அச்சேறு சிலநேரம் காற்றின்றி இருத்தல் வேண்டுமென 1970களில் தென்னாபிரிக்காவின் ஜேம்ஸ் பார்னாட் கண்டார். ஏன்?

பிராணவாயு இல்லாவிடில் உணவை எரித்துச் சக்தி பெற இயலாது. உணவை உள்ளிழுப்பதற்கோ சக்தி வேண்டும். பஞ்சகாலத்துக்கென ஒடியலை உலர்த்தி வைக்கும் குடும்பம்போல, இவை இரு சேமிப்புகளை வைத்துள்ளன. ஒன்று சங்கிலியாய்க் கோத்த பொசுபேற்று. மற்றது கிளைக்கோசன் என்னும் மாச்சத்து. காற்றில்லா வேளையிலே சங்கிலியின் கண்ணிகளை அறுத்துச் சக்தி பெறுகின்றன, கிளைக்கோசனும் துணைசெய்கின்றது. அச்சக்தியால், வினாகிரிக்குப் புளிப்பூட்டும் அசற்றிக்கமிலம் போன்றவற்றை நீரிலிருந்து உள்ளிழுத்துச் சிறு மணிகளாகச் சேர்க்கின்றன. காற்றையே நம்பிய இனங்கள் பட்டினி கிடக்க, இவை பந்திக்கு முந்திவிடுகின்றன. அறுந்த பொசுபேற்று அப்போது நீரிற் கலக்கின்றது.

பின்னர் காற்றூட்டியதும், அம்மணிகளை எரித்து, விட்டதைவிட மிகுதியான பொசுபேற்றை அள்ளிச் சங்கிலியை மீளக் கோக்கின்றன. அவ்வேளை சேற்றில் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்தால் பொசுபேற்றும் உடன் நீங்கும். அதனைக் காற்றின்றிக் கிடக்கவிட்டாலோ பொசுபேற்று மீண்டும் வெளியேறும்.

இத்தொண்டு முழுவதும் காற்றும் காற்றின்மையும் முறைப்படி மாறிவரும் தொட்டியிலேயே நடைபெறும். வீட்டுக் குழியிலே அம்முறை இல்லை. ஆதலின், ஊருக்கொரு சுத்திகரிப்பு ஏற்பாடு வேண்டுவது குடாநாட்டின் உயிர்த்தேவை. கிணற்றருகே குழி வெட்டுவோர், தாம் குடிக்கும் செம்பிலேயே கழிவை ஊற்றுவோர் ஆவர்.