வான் திறக்குமுன் அறிவித்தல் வேண்டும்
(ஏறாவூரில் ஆற்றிய உரை)



குளம் நிறைந்து வான் பாய்வது கண்டு மகிழ்ந்தவர்கள் நம் முன்னோர். அந்த வான் இன்று நமக்கு அச்சம் தருவானேன்?

1957 டிசம்பர் வெள்ளத்தில் வறண்ட வலயத்துக் குளங்கள் பல உடைத்துக்கொண்டன. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குஜராத்தில் 1979 ஆகஸ்ட் 11 அன்று மச்சு அணைக்கு வந்த வெள்ளம், அதன் வான் கடத்தக்கூடிய அளவைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு! மோர்பி நகருக்கு எச்சரிக்கை சென்றடையவில்லை, ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர்.

உறுகாமத்து நீரும் உன்னிச்சை நீரும் நம் வட்டைகளைக் கடந்தே வாவியை அடைகின்றன. முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தால் வெள்ளம் வடிவது எங்ஙனம்? 2011 சனவரியில் விளைந்த வேளாண்மை நீரில் மூழ்கியதை நாம் மறந்தோமா?

வான்கதவைத் திறப்பது குற்றமன்று. திறவாவிடில் கட்டே போய்விடும். அறிவிக்காமல் திறப்பதே குற்றம். எதிராளிக்கு அறிவித்தல் அனுப்பாமல் நீதிமன்றம் வழக்கை விளங்குவதில்லை. கீழே உறங்கும் குடிமகனுக்கு மட்டும் அறிவித்தல் வேண்டாவா? 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் ஏட்டில் இருக்கிறது. அது கடைசிக் குடிசை வரை நடந்து வரவேண்டும்.

ஆகவே நாம் கேட்பன மூன்று. மாரிக்கு முன் ஒவ்வொரு வான்கதவும் விவசாயிகள் முன்னிலையில் இயக்கிப் பார்க்கப்படவேண்டும். திறக்குமுன், இரவாயினும், கோயில் மணியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் ஒருங்கே ஒலிக்கவேண்டும். முகத்துவாரம் காலத்தில் வெட்டப்படவேண்டும்.

இது சலுகையன்று, உரிமை. வெள்ளம் இனமும் மதமும் பார்த்து வருவதில்லை. நாமும் ஒன்றாய் நின்றே கேட்போம்!