நாணயக் கூடும் ஒட்டுச்சீட்டும்



பழங்காசு சேர்த்தல் மன்னர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு காலத்தில் சொல்வதுண்டு. இன்றோ அது மாணவர்க்கும் எட்டிய கலையாகிவிட்டது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய நம் ஊர்களிலே, பாட்டியின் சுருக்குப்பையில் கிடந்த காலணாவும் தம்படியும் பேரன் கையில் வரலாற்றுச் சான்றுகளாகத் திகழ்கின்றன. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, அறுபத்து நான்கு காலணா, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தம்படி என்ற கணக்கு 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மாறியது. நூறு நயா பைசா ஒரு ரூபாய் ஆயிற்று. இருபத்தைந்து காசும் அதற்குக் குறைந்தவையும் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளோடு செல்லுபடியாவது நின்றது. கடைத்தெருவில் மதிப்பிழந்த காசு, கற்பவர் கையில் மதிப்புப் பெறுகின்றது. ஆதலின் அதனைக் காக்கும் முறையையும் நாம் கற்றாக வேண்டும்.

அரிய நாணயங்களைத் தேர்ந்தவர்களிடம் அனுப்பித் தரம் பெறுவது இக்கால வழக்கம். அமெரிக்க அறிஞர் வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த அளவுகோலை ஒட்டி, 1 முதல் 70 வரை எண்ணிட்டுத் தரம் குறிப்பர். பின்னர், இரு பாதிகளாகச் செய்த கெட்டியான பிளாஸ்டிக் கூட்டினுள் நாணயத்தை வைத்து மூடிவிடுவர். நாணயத்தின் பெயரும் ஆண்டும் தரமும் வரிசை எண்ணும் தாங்கிய சீட்டு உள்ளேயே இருக்கும். இவ்வழக்கம் 1986, 1987ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் தொழில் தொடங்கிய இரு நிறுவனங்களால் உலகெங்கும் பரவிற்று. இத்தகைய கூடுகள் சென்னைச் சேகரிப்பாளரிடமும் இன்று உள்ளன.

கூட்டிற்குள் காசு புகுந்துவிட்டால் கவலை இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். விலையையும் வாங்கிய நாளையும் எழுதிய ஒட்டுச்சீட்டைக் கூட்டின் மேலேயே ஒட்டிவிடுகின்றனர். இதனால் விளையும் தீங்கு யாது?

முதலாவது, பசை என்பது என்றும் ஒரே நிலையில் இருக்கும் பொருளன்று. காற்றும் வெப்பமும் பட்ட பசை முதலில் இளகிப் பிசுபிசுக்கும். நாளடைவில் மஞ்சள் நிறமுற்று இறுகும். நம் பகுதியோ கடலுக்கு அணித்தே உள்ளது. மே மாதத்தில் மீனம்பாக்கத்து வெப்பமானி நாற்பது பாகையைக் கடக்கும் நாட்களும் உண்டு. பூட்டிய அலமாரிக்குள் அந்நாட்களில் பசை இளகிச் சீட்டின் ஓரம் வழியே கசியும். கசிந்த இடத்தில் தூசி படியும். படிந்த தூசியைத் துடைக்கப் போனால் கீறல் விழும்.

இரண்டாவது, கூட்டின் இரு பாதிகளும் சேரும் பொருத்துவாயில் பசை படிந்துவிட்டால், எவரோ கூட்டைத் திறக்க முயன்றனர் என்ற ஐயம் பிறக்கும். கூடு தருவது காவல் மட்டுமன்று, நம்பிக்கையுமாம். ஐயம் பிறந்தபின் அந்நம்பிக்கை நிற்பதில்லை.

மூன்றாவது, ஒட்டுவதைவிட உரிப்பதே பெருங்கேடு. கத்தியால் சுரண்டினால் கோடு விழும். அசிட்டோனோ, பெட்ரோலோ, நகப்பூச்சு நீக்கும் நீரோ இட்டுத் துடைத்தால், கண்ணாடிபோல் தெளிந்திருந்த பிளாஸ்டிக் வெளிறி நுண்ணிய வெடிப்புக் காணும். அதன்பின் உள்ளிருக்கும் காசைக் கண்ணாரக் காண இயலாது. கூடு நீர் புகாத பெட்டியும் அன்று. கழுவ முற்பட்டால் ஈரம் உள்ளே சென்று காசையே கெடுக்கலாம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தை முடிச்சூரில் கண்டவர்களுக்கு, ஈரம் எவ்வளவு சிறிய இடைவெளியிலும் நுழையும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

அப்படியாயின், குறிப்பே எழுதக் கூடாதா? எழுதத்தான் வேண்டும்! 1863ஆம் ஆண்டு நம் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் பூட் கண்டெடுத்த கற்கருவி இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கே தோற்றுவாய் ஆயிற்று. எங்கே, எப்பொழுது கிடைத்தது என்ற குறிப்பு உடன் நின்றமையால் அன்றோ அக்கல் சான்றாயிற்று? குறிப்பிழந்த பொருள் ஊமை. எனவே கேள்வி, குறிப்பு வேண்டுமா என்பதன்று. அதனை எங்கே வைப்பது என்பதே.

அருங்காட்சியகத்தார் இதற்கு விடை கண்டுள்ளனர். பழைய நாணயப் பேழைகளில் ஒவ்வொரு காசின் அடியிலும் வட்டமான தாள் சீட்டு ஒன்று கிடக்கும்; காசோடு இருக்கும், காசில் ஒட்டாது. நாமும் அவ்வாறே செய்யலாம். கூட்டினைப் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறையில் இடுக. உறைக்கு வெளியே ஒட்டுச்சீட்டை ஒட்டலாம். உறை கெட்டால் சில காசு செலவில் மாற்றிக்கொள்ளலாம். விலை, நாள், கொடுத்தவர் பெயர் ஆகியவற்றை வரிசை எண்ணோடு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் இன்னும் நன்று. மெல்லிய, வளையும் பாலிவினைல் குளோரைடு உறைகளை விலக்குக. கூடின்றி அவற்றுள் கிடக்கும் செம்புக்காசில் நாளடைவில் பச்சைநிறக் களிம்பு ஏறும். பள்ளிக் கண்காட்சிக்காகக் காசையே அட்டையில் பசைநாடாவால் ஒட்டுவது அதனினும் கொடிது. ஆங்கே பசை தீண்டுவது கூட்டையன்று, காசின் மேனியையே.

முன்னரே ஒட்டிய சீட்டிருப்பின், முதலில் அதனைப் படம் எடுத்துக்கொள்க. அது பழைய சேகரிப்பாளர் ஒருவரின் எண்ணாக இருப்பின் அதுவே வரலாற்றின் ஒரு துளி. உரியாமல் விடுவதே முறை. உரித்தே ஆகவேண்டின், உள்ளங்கைச் சூட்டில் சற்றே வைத்திருந்து, ஒரு மூலையை நகத்தால் தூக்கி, சீட்டைத் தன்மேலேயே மடித்தாற்போல் மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். எஞ்சிய பசையை விரல் நுனியால் உருட்டி எடுக்கலாம். அதற்கும் அசையாத பசையைத் தொடாமல் விடுவதே அறிவுடைமை. விலைமிக்க நாணயமாயின், தரம் குறித்த நிறுவனமே புதுக் கூட்டில் மாற்றித் தரும். அதற்குரிய கட்டணமும் காத்திருப்பும், ஒரு சிறு சீட்டை ஒட்டியதற்குக் கொடுக்கும் விலையாகும்.

மாணவர்களே! விடுமுறை நாளொன்றில் மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்கி, 1851இல் தோன்றிய அரசு அருங்காட்சியகத்தின் நாணயங்களைக் காணுங்கள். பல தலைமுறையினர் கைமாற்றிக் காத்தமையால் அவை இன்று நம் கண்முன் உள்ளன. நம் கையிலுள்ள காசிற்கும் நாம் இறுதி உடைமையாளர் அல்லர், இடைக்காலக் காவலரே. அடுத்துவரும் காவலர் நம் குறிப்பைப் படிக்கட்டும்; நாம் விட்ட பசையைச் சுரண்டும் நிலைக்கு ஆளாகாதிருக்கட்டும்.